இஸ்திரிப் பெட்டியில் ஊற்றிய தண்ணீர்

வியாகுலம்மாளுக்குக் கை சுத்தம், வாய் காரம். திண்டுக்கல் நாகல் நகரில் அவளோடு ஒருநாள் பழகியவர்கள்கூட இதைச் சொல்லிவிடுவார்கள். தையல் கோணினால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். பேச்சு கோணினால் பிரிக்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. சொன்னது சொன்னதுதான்.

அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு, பழைய இஸ்திரிப் பெட்டியை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சௌகத் அலி கடைக்கு நடந்தாள். புதுப்பெட்டி வாங்க வேண்டியிருந்தது, வாஸ்தவம். அதற்குப் பழையதை எதற்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? அவளுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. விவரம் தெரிந்த ஆள் ஒருவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, "யாரோ போர் தண்ணிய ஊத்தியிருக்காகம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். தன் தையல்கூடத்தில் இருந்த சுகன்யாவை வேலையை விட்டு அனுப்பியது நியாயம் என்று ஆகிவிடும். அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தால் அந்தப் பிள்ளையின் முகம் வந்து நிற்கிறதே, அதுவும் போய்விடும்.

வியாகுலத்தின் வீட்டு முன்னறைதான் தையல்கூடம். கம்பெனிகளில் கழிக்கிற வெட்டுத்துணியை மூட்டையாக வாங்கி, சதுரமும் முக்கோணமுமாக நறுக்கி, ஒன்றோடொன்று கூட்டித் தைத்து, நடுவில் பஞ்சு வைத்துப் போர்வை செய்வார்கள். குயில்ட் என்று பேர். திண்டுக்கல் வெயிலுக்கு அதை யார் போர்த்துவார்கள்? எல்லாம் கொடைக்கானலுக்குத்தான். அங்கே தங்கும் விடுதி வைத்திருக்கிற ஒருவர் கேட்கக் கேட்க இவர்கள் தைத்து, வத்தலக்குண்டு வழியாக மலைக்கு ஏற்றிவிடுவார்கள்.

இந்த வேலையில் பாதி உயிர் மிஷினில் என்றால் மீதி உயிர் இஸ்திரிப் பெட்டியில். துண்டோடு துண்டு சேர்கிற ஒவ்வொரு தையலையும் ஆவி விட்டு அமுக்க வேண்டும். வேட்டி சட்டை மாதிரி இழுத்துத் தேய்த்தால் துணி நீண்டு போகும், மூலை மூலையோடு சேராது. வைக்கணும், அமுக்கணும், எடுக்கணும். இந்தப் பக்குவம் அந்தக் கூடத்தில் சுகன்யாவின் இடது கைக்குத்தான் வந்தது. அவள் அமுக்கிக் கொடுத்த துணியில் தையல் இருக்கிற இடமே விரலுக்குத் தட்டாது.

அதனால்தான் அந்தப் பெட்டியை வியாகுலம் அப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கினாள். அதற்கு முன்னால் இருந்த ஒன்று ஓயாமல் ஒழுகியது. அதற்கும் முந்தினது ஒருநாள் புகைந்து அடங்கிவிட்டது. இது நல்ல கனம், நல்ல முனை, ஆவியும் ஒரே சீராக வரும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெட்டி வாங்கினால் இதை வாங்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் கேன் தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது என்பது அந்தக் கூடத்தின் சட்டம். நம் ஊர் போர் தண்ணீரின் லட்சணம்தான் தெரியுமே. குளித்தால் தலைமுடி போகும், ஊற்றினால் பெட்டி போகும்.

போன மாதக் கடைசியில் அது நடந்தது. விடுதியில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் தங்குகிற அறைக்கென்று வெள்ளையும் இளநீலமுமாக ஒரு போர்வை. அந்த மாதிரி வேலை வியாகுலத்தின் கூடத்தில் அதுவரைக்கும் நடந்ததில்லை. கடைசியாக ஓரம் கட்டுவதற்கு முன்னால் சுகன்யா ஆவி விட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். பெட்டி கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. அடுத்த நொடி, நட்ட நடு வெள்ளையில் காவி நிறத்தில் தண்ணீரைக் கக்கிவிட்டது. துடைக்கத் துடைக்கப் பரவியது. எலுமிச்சை வைத்துப் பார்த்தார்கள், சோப்பு வைத்துப் பார்த்தார்கள். அது துருக்கறை, அசைவேனா என்றது.

வியாகுலத்துக்கு ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது. "போர் தண்ணிய ஊத்திட்டேல்ல? கேன் காலியான ஒடனே சோம்பேறித்தனப்பட்டுக் குழாய்ல பிடிச்சு ஊத்திட்டேல்ல?" என்று, மற்ற பெண்கள் எல்லாம் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

"இல்லக்கா. கேன் தண்ணிதான்க்கா ஊத்துனேன்," என்றாள் சுகன்யா.

"அப்புறம் துரு எங்கருந்து வந்துச்சு, வானத்துல இருந்தா?"

சுகன்யா வாயைத் திறந்தாள். சுவரில் மாதா படம் இருக்கிற அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வியாகுலம் எவ்வளவு கத்தியும் ஒரு வார்த்தை வரவில்லை. பதில் இல்லாதவள்தானே வாயை மூடுவாள் என்று வியாகுலம் எடுத்துக்கொண்டாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். செபஸ்தியம்மாள் என்று ஒரு வயதான தையல்காரி மட்டும், "பிள்ள பொய் சொல்ற ஜாதியில்லையே வியாகுலம்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கும் சேர்த்துக் கிடைத்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வாரம் இருதயநாதன் போன் போட்டார். கோயிலில் வாசகம் வாசிக்கிறவர், பங்குப் பேரவையில் பெரிய ஆள், வத்தலக்குண்டு ரோட்டில் நைட்டி கம்பெனி வைத்திருக்கிறார். "சுகன்யான்னு ஒரு பிள்ள வேலை கேட்டு வந்திருக்கும்மா. உங்கிட்ட இருந்துச்சாம். எப்படி ஆளு?" என்று கேட்டார். சூடு ஆறாத நேரம். "தைப்பாண்ணே. ஆனா அயர்ன் பாக்ஸ் பக்கம் மட்டும் விட்டுறாதீக, துணி போயிரும்," என்று வியாகுலம் சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகு, ஏண்டி இதைச் சொன்னோம் என்று இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குற்றம் இன்னதென்று தெரியாமலே அவளுக்குக் குறுகுறுத்தது.

சௌகத் அலி கடை சின்னது. வாசலில் பழைய மிக்ஸிகள், உள்ளே ஒரு பக்கம் ரிப்பேர் மேசை, இன்னொரு பக்கம் விற்பனைக்குப் புதுச் சாமான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும் திறந்திருப்பார். வியாகுலம் மஞ்சள் பையைக் கவிழ்த்துப் பெட்டியை மேசையில் வைத்தாள்.

"இத ரிப்பேர் பார்க்கணுமாம்மா?"

"ரிப்பேர் வேணாம் பாய். என்ன ஆச்சுன்னு மட்டும் பிரிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. போர் தண்ணிய ஊத்துனதுதானே?"

பதிலையும் அவளே கையில் கொடுத்தாள். சௌகத் அலி திருப்புளியை எடுத்து, செத்த நேரம் திருகினார். மேல்கூடு கழன்றது. தண்ணீர் நிற்கிற இடத்தையும் அதற்குக் கீழே இருக்கிற தகட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"போர் தண்ணி இல்லம்மா."

"நல்லாப் பாருங்க பாய்."

"நல்லாத்தான் பார்க்கிறேன். இந்த ஊர்ல வர்ற பெட்டி பூரா போர் தண்ணிப் பெட்டிதான், அது எனக்குத் தெரியாதா? அது சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாப் பொரிஞ்சு நிக்கும். வினிகர் விட்டா கழண்டு வந்துரும். இது உள்ள திருகாணியெல்லாம் அரிச்சுப் போயிருக்கு பாருங்க. இது உப்பு."

"உப்புத் தண்ணியத்தானே நானும் சொல்றேன்."

"உப்புத் தண்ணி இல்ல. உப்பு. சோத்துக்குப் போடுறோமே, அந்த உப்பு." விளிம்பில் ஒட்டியிருந்த பொருக்கை நகத்தால் சுரண்டி அவள் உள்ளங்கையில் வைத்தார். "வீட்டுல சின்னப் பிள்ளைக யாரும் வெளையாட்டா அள்ளிப் போட்டுருச்சா?"

வீட்டில் சின்னப் பிள்ளை ஏது? வியாகுலம் அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. கரித்த அதே நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வீட்டு அலமாரியில், மாதா படத்துக்குப் பக்கத்தில், மாதா உருவத்திலேயே ஒரு பிளாஸ்டிக் பாட்டில் உண்டு. தலைக் கிரீடம்தான் மூடி. கோயிலில் மந்திரித்த உப்பை வாங்கிவந்து, அதில் ஒரு கை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, அந்தப் பாட்டிலில் தீர்த்தமாக வைத்திருப்பாள். வாசலில் தெளிப்பாள், மிஷின்களில் தெளிப்பாள். காய்ச்சல் என்று யாராவது பிள்ளையைத் தூக்கிவந்தால் நெற்றியில் வைப்பாள். ரெண்டு பெட்டி கெட்டுப்போன வயிற்றெரிச்சலில், இந்த மூன்றாவதை வாங்கியதும் அதன் மேலும் தெளித்தாள். மேலே தெளித்தது போதாது என்று எந்தப் புத்தி சொன்னதோ, சனிக்கிழமைதோறும், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பெட்டியின் வாயைத் திறந்து ஒரு மூடித் தீர்த்தத்தை உள்ளேயும் ஊற்றினாள். "தாயே, இது ஒண்ணாச்சும் நெலைக்கணும்," என்று சொல்லிச் சொல்லித்தான் ஊற்றினாள்.

அது உப்பு என்று அவளுக்கு ஒருநாளாவது தோன்றியதா என்றால், இல்லை. உப்பு அடுப்படியில் இருப்பது. இது மந்திரித்தது. தன் கையால் அள்ளிப் போட்டுக் கரைத்ததை, கேன் தண்ணீரைத் தவிர வேறு ஊற்றக் கூடாது என்று சட்டம் போட்ட வாயால் செபம் சொல்லி ஊற்றியிருக்கிறாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அடிப்பாவி என்று அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"என்னம்மா, மயக்கமா வருதா? உட்காருங்க," என்று சௌகத் அலி ஸ்டூலைத் தள்ளினார்.

"ஒண்ணுமில்ல பாய். புதுசு காட்டுங்க."

அவர் மூன்றைக் கொண்டுவந்து வைத்தார். முதலாவது பஞ்சு மாதிரி லேசு. "வீட்டுச் சேலைக்கு இது போதும், உங்க வேலைக்கு ஆகாது. மடிப்பு அமுங்குறதுக்குப் பெட்டிக்கே ஒரு கனம் வேணும்," என்று அவரே ஒதுக்கினார். இரண்டாவது பளபளப்பாக இருந்தது. சும்மா நிறுத்தி வைத்தால் தானாக அணைந்துவிடுமாம். "நீங்க துண்டு துண்டா தைச்சு நடுவுல நடுவுல வந்து அமுக்குறவங்க. ஒவ்வொரு தடவையும் அது அணைஞ்சு கெடக்கும், நீங்க நின்னு காத்துக்கிட்டு இருக்கணும். எரிச்சலா வரும்." மூன்றாவதைத் திருப்பிப் போட்டு அடித்தகட்டைக் காட்டினார். ஆவித் துளைகள் முனை வரைக்கும் இருந்தன. சூடு ஏறாத நேரத்தில் தண்ணீரை வெளியே விடாமல் அடைத்துக்கொள்ளும் என்றார். உள்ளே படிகிறதைக் கழுவி வெளியேற்ற ஒரு பொத்தானும் இருந்தது.

"கறை கக்காதுல்ல பாய்?"

"இது கக்காது. நீங்க நல்ல தண்ணி ஊத்துனா அது ஏன் கக்கப் போவுது? அந்தப் பழசும் நல்ல பெட்டிதான். பெட்டி மேல ஒரு குத்தமும் இல்ல."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வியாகுலத்துக்குச் சுருக்கென்று குத்தியது. பெட்டி மேலும் குற்றம் இல்லை, பிள்ளை மேலும் குற்றம் இல்லை. மிச்சம் யார்?

"யாரு தேய்க்கிறது, வலது கையா இடது கையா? வயரு எந்தப் பக்கமும் திரும்புற மாதிரி எடுக்கணும்னா இதத்தான் எடுக்கணும்," என்றார் சௌகத் அலி.

"இடது கை," என்றாள் வியாகுலம். சொன்ன பிறகுதான், யாரை நினைத்துக்கொண்டு பெட்டி வாங்குகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

அட்டைப்பெட்டியோடு வீட்டுக்குப் போகாமல் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினாள். சன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. வழியெல்லாம் மனசுக்குள் பேச்சுத்தான். சுகன்யாவிடம் என்ன சொல்வது? நான்தான் ஊற்றினேன் என்று சொன்னால், அந்தப் பிள்ளை நம்மை என்னவென்று நினைக்கும்? நாமோ கோயிலில் மாதா சபைக்குத் தலைவி. தீர்த்தத்தை இஸ்திரிப் பெட்டியில் ஊற்றின கதை வெளியே போனால் பூசைக்குப் போகிற வழியெல்லாம் சிரிப்பார்கள். பங்குச் சாமியார் காதுக்குப் போனால் கூப்பிட்டு வைத்துக் கேட்பார். நான்தான் என்று சொல்லாமலே இதைச் சரிக்கட்ட முடியாதா? பெட்டி கோளாறு என்று சொன்னால் என்ன? பெட்டிக்கு மானமா ரோசமா? பிள்ளைக்கும் கெட்ட பேர் போகும், நமக்கும் வராது. செம்பட்டி தாண்டுவதற்குள் இந்த யோசனை அவளுக்குப் பிடித்துப் போயிற்று. மனுசப் புத்தி அப்படித்தான், கழுத்து வரைக்கும் முழுகினாலும் தலைமுடி நனையாமல் கரையேறப் பார்க்கும்.

சுகன்யாவின் வீடு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். வாசலில் அவள் மகள் தமிழ்மதி, நாலு வயசுப் பிள்ளை, சாக்பீஸை வைத்துத் தரையில் கிறுக்கிக்கொண்டிருந்தது. சுகன்யா துணி அலசிக்கொண்டிருந்தவள், கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அக்கா, வாங்கக்கா. என்ன திடீர்னு? உள்ள வாங்க. சாப்டீங்களா?"

கோபமாக ஒரு வார்த்தை வரும், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று வியாகுலம் எதிர்பார்த்து வந்திருந்தாள். திட்டினால் தேவலை. இது என்ன, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாளே. அவளுக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது.

"புதுப்பெட்டி வாங்கிருக்கேன்," என்று அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தாள். "அது கெடக்கட்டும். நீ எப்படி இருக்க? கம்பெனியில வேலை எப்படி?"

"இருக்குக்கா." சுகன்யா கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் பிளாஸ்திரி. "பிசிறு வெட்டச் சொல்லிருக்காக. தைச்சு வர்ற நைட்டியில நூல் நீட்டிக்கிட்டு இருக்கும்ல, அத வெட்டணும். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கத்திரியும் கையுமாத்தான். மிஷின் குடுங்க, இல்ல அயர்ன் டேபிள் குடுங்கன்னு கேட்டேன். அயர்ன் டேபிள் பக்கமே போகக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. ஏன்னு தெரியலக்கா. என்னையப் பார்த்தா எப்படித் தெரியுதோ."

வியாகுலம் அந்தப் பிளாஸ்திரி விரல்களையே பார்த்தாள். அந்த இடது கை, அவள் கூடத்திலேயே வேறு யாருக்கும் வராத பக்குவம் வந்த கை, நாள் முழுக்க நூல் வெட்டுகிறது. போனில் ஒரு வாக்கியம் பேசியதற்கு. அவள் உடனே இருதயநாதனுக்குப் போன் போட்டாள். போனில் காது சரியாகக் கேட்காததால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். இப்போதும் கை பழக்கத்தில் அதை அமுக்கிவிட்டது.

"அண்ணே, நான் வியாகுலம். அன்னைக்கு சுகன்யாவப் பத்திச் சொன்னேன்ல, அயர்ன் பாக்ஸ் பக்கம் விடாதீகன்னு. அது அந்தப் பிள்ள தப்பு இல்லண்ணே. பெட்டிதான் கோளாறு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"பெட்டி கோளாறா?" என்று இருதயநாதன் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அந்தப் பெட்டி மாதிரி வராதுன்னு நீதானேம்மா சொன்ன? கம்பெனிக்கு அதத்தான் வாங்கணும்னு நான் சொல்லி வச்சிருக்கேன். நல்லவேளை சொன்ன. வேணாம்னு சொல்லிர்றேன். சரி, பிள்ளையப் பத்தி அப்புறம் பார்ப்போம்." வைத்துவிட்டார்.

வியாகுலம் தலை நிமிரவில்லை.

"நீங்கதான் சொன்னீகளாக்கா?" என்று சுகன்யா கேட்டாள். சத்தம் உயரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

"ஆத்திரத்துல சொல்லிட்டேன் பிள்ள. இப்பத்தான் மாத்திச் சொல்லிட்டேனே."

"அது நல்ல பெட்டிக்கா," என்றாள் சுகன்யா. "அதப் போயி கோளாறுன்னு சொல்றீகளே. அம்புட்டு வேலை செஞ்சுச்சு."

வியாகுலம் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். வாய் பேசாத ஒரு சாமான் மேல் பழி போட்டதையே இவளால் தாங்க முடியவில்லை. இவள் மேல் போட்டபோது இவள் எப்படித் தாங்கினாள்? இதற்கு மேல் ஒளிக்க அவளால் முடியவில்லை.

"நான்தான் ஊத்துனேன் சுகன்யா. மாதா பாட்டில்ல இருக்கிற தீர்த்தத்த. சனிக்கெழம சனிக்கெழம. அதுல உப்பு இருக்குன்னு எனக்குப் புத்தியில படல."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீங்க ஊத்துனது தெரியும். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்குவாளிய மறந்துட்டு எடுக்க வந்தேன். கண்ண மூடிச் செபம் பண்ணிக்கிட்டே ஊத்திக்கிட்டு இருந்தீக. நான் அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

அன்றைக்கு இவள் வாயைத் திறந்து, அலமாரியைப் பார்த்து, வாயை மூடியது இப்போது வியாகுலத்துக்குப் புரிந்தது.

"அப்ப ஏண்டி சொல்லல? அம்புட்டுப் பேரு முன்னாடி கேட்டேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சுகன்யா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னன்னுக்கா சொல்றது? தமிழ்மதிக்கு அம்மை போட்டுத் தணலாக் கொதிச்சப்ப அந்தத் தண்ணியத்தானே நெத்தியில வச்சு விட்டீக. நல்லாயிருச்சு. அந்தத் தண்ணியாலதான் துணி கெட்டுப்போச்சுன்னு நான் எந்த வாயால சொல்ல? அதுவும் நான் வேற சாமி கும்புடுறவ. ஒங்க சாமி தண்ணியக் குத்தம் சொல்றான்னு ஆயிராதா?" கொஞ்சம் நிறுத்தினாள். "சொல்லியிருந்தா நம்பியிருப்பீகளா?"

நம்பியிருப்பேன் என்று சொல்ல வியாகுலம் வாயெடுத்தாள். வரவில்லை. ஏனென்றால் அவளுக்கே தெரியும். அன்றைக்கு இந்தப் பிள்ளை மாதாவின் பேரை எடுத்திருந்தால், சாயங்காலம் வரைக்கும்கூட வைத்திருக்க மாட்டாள். அந்த நொடியே செருப்பைத் தூக்கி வெளியே வைத்திருப்பாள். சொல்லியிருந்தாலும் இதே கதிதான், சொல்லாததற்கும் இதே கதிதான். தன்னிடம் அந்தப் பிள்ளைக்கு ஒரு வழியும் இல்லாமல் வைத்திருந்தோமே என்று நினைக்க அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தப்புப் பண்ணிட்டேன் பிள்ள," என்றாள். "ரொம்பப் பெரிய தப்பு."

போனை மறுபடி எடுத்தாள். சுகன்யா அவள் கையைப் பிடித்தாள். "வேணாம்க்கா. கோயில்காரரு அவரு. ஒங்களுக்குத்தான் கேவலம். பெட்டின்னு சொன்னதே இருக்கட்டும். இப்ப விட்டுருங்க."

இதைத்தான் பஸ் ஏறியதிலிருந்து வியாகுலம் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டாம் என்று சுகன்யாவே சொல்லிவிட்டால் எவ்வளவு நல்லது என்று. இப்போது அந்தப் பிள்ளை அதையும் தானே கொடுக்கிறது. வாங்கிக்கொண்டு போக வெட்கமாக இருந்தது. கையை விடுவித்துக்கொண்டு எண்ணை அமுக்கினாள்.

"அண்ணே, மறுபடி வியாகுலம்தான். செத்த முன்னாடி சொன்னது பொய்ண்ணே. பெட்டி நல்ல பெட்டி. சுகன்யா கேன் தண்ணியத்தான் ஊத்துனா. நான்தான் மந்திரிச்ச உப்பக் கரைச்ச தீர்த்தத்த அதுக்குள்ள ஊத்தி ஊத்திக் கெடுத்துட்டேன். பழியத் தூக்கி அந்தப் பிள்ள தலையில போட்டுட்டேன்."

போன் கட்டாகிவிட்டதோ என்று வியாகுலம் எடுத்துப் பார்த்தாள்.

"தீர்த்தத்தையா?" என்று கடைசியில் கேட்டார் இருதயநாதன். "அயர்ன் பாக்ஸுக்குள்ளயா?"

"ஆமாண்ணே."

"மாதா சபைத் தலைவி நீ."

"ஆமாண்ணே."

"சாமியாருக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது. நானே போயிச் சொல்றேன். சபையிலயும் சொல்றேன். எங்க கூடத்துலயும் எல்லாப் பொம்பளைகளையும் வச்சுக்கிட்டுச் சொல்றேன். அங்க வச்சுத்தானே அவளத் திட்டுனேன்."

இருதயநாதன் தொண்டையைச் செருமினார். திட்டப் போகிறார் என்று வியாகுலம் காத்திருந்தாள். அவர் வேறு கணக்கில் இருந்தார். "அப்ப அந்தப் பிள்ளைக்கு அயர்ன் வேலை நல்லாத் தெரியும்னு சொல்லு."

"அவளை மாதிரி எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் அமுக்கிக் குடுத்ததில்லண்ணே," என்றாள் வியாகுலம். அதைச் சொல்லும்போதே, சுகன்யாவைக் கைநழுவ விடுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அதில் ஒரு எழுத்தைக் குறைத்துச் சொல்லவும் மனசு வரவில்லை. குறைத்துச் சொன்னது போதும்.

"பக்கத்துல இருக்காளா?"

"இருக்கேன் சார்," என்றாள் சுகன்யா.

"நாளைக்கு வந்து கத்திரியக் குடுத்துட்டு அயர்ன் டேபிளுக்குப் போயிரும்மா. அங்க பார்க்குற ஆளு நின்னு போயி நான் தெனம் தடுமாறிக்கிட்டு இருக்கேன். நீயே முழுசாப் பார்த்துக்க, ஒனக்குக் கீழ ரெண்டு பேரு தாரேன். வர்றியா?"

சுகன்யா வியாகுலத்தைப் பார்த்தாள். வியாகுலம் இங்கே கிளம்பி வரும்போது, எல்லாம் பேசி முடித்த பிறகு சொல்வதற்கென்று ஒன்றை வைத்திருந்தாள். "நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துரு" என்பதுதான் அது. நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் சுகன்யா மறுக்க மாட்டாள் என்றும் தெரியும். மறுக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா? வியாகுலம் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒத்துக்கொள் என்று தலையை ஆட்டினாள்.

"வாரேன் சார்," என்றாள் சுகன்யா.

போனை வைத்ததும் சுகன்யாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மறைக்கப் பார்த்தும் முடியவில்லை. எழுந்துபோய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வியாகுலம் அதைக் குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே ஓடிவந்து அம்மாவின் மடியில் விழுந்தது.

"நான் கெளம்புறேன் பிள்ள. பஸ்ஸு போயிரும்."

"அக்கா, புதுப்பெட்டியக் காட்டாமப் போறீகளே."

சுகன்யா அட்டையை அவளே பிரித்தாள். பெட்டியை இடது கையில் தூக்கிக் கனம் பார்த்தாள். அடித்தகட்டைத் தடவினாள். ஆவித் துளை முனை வரைக்கும் இருக்கிறதா என்று பார்த்தாள். தரையில் விரித்திருந்த பாயின் மேல் வைத்தாள், அமுக்கினாள், எடுத்தாள்.

"நல்ல பெட்டி எடுத்திருக்கீகக்கா," என்றாள் சந்தோசமாக. பிறகு, வேறு எந்த நினைப்பும் இல்லாமல் கேட்டாள். "இனிமே அங்க யாருக்கா அமுக்குறது?"

"நான்தான்," என்றாள் வியாகுலம்.